ஆராதனைக்குப் பின் எந்தப் பந்தி?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 11:17-34



இவ்வாரம் சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றை எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

சில மாதங்களாக நம் ஆராதனையின் இறுதி ஆசீர்வாதத்துக்கு முன்னரே கார் சாவிகள் கைக்கு வந்துவிடுகின்றன. பதினொன்றரை மணிக்கு நெடுஞ்சாலையோர கஃபேயில் மேசை பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பிரன்ச், க்ரேப், அதன் புகைப்படம், பிறகு வீடு. திருவிருந்து ஞாயிறன்றுகூட இதுவே நடக்கிறது.

வெளியில் உண்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் போதிப்போரோடு நான் உடன்படுவதும் இல்லை. நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று பழித்தார்கள். அவர் விருந்துகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆறு நாளும் அடுப்படியில் நிற்கும் சகோதரிக்கு ஏழாம் நாளில் ஒருவர் பரிமாறுவது நல்லதே. என் வழக்கு உணவின்மேல் அல்ல, அந்த மேசையில் யாருக்கு இடமில்லை என்பதன்மேல்.

பிரன்ச் என்ற சொல்லின் பிறப்பை அறிவீர்களா? 1895-ஆம் ஆண்டு கை பெரிங்கர் என்னும் ஆங்கிலேயர் ஓர் இதழில் அதற்காக வாதாடி எழுதினார். ஆலயம் சென்று வந்தபின் உண்ணும் கனத்த ஞாயிறு உணவுக்குப் பதிலாக, சனி இரவில் களித்துவிட்டுத் தாமதமாய் எழுவோருக்கு வசதியான ஓர் உணவு வேண்டும் என்பதே அவர் வாதம். ஆலயத்தை மறந்தவரின் வசதிக்காகப் பிறந்த உணவை நாம் ஆலயத்திலிருந்தே ஓடிச்சென்று உண்கிறோம்!

க்ரேப்பின் கதை இதற்கு நேர்மாறானது. நம் தோசைக்கு உறவு போன்ற அந்த மெல்லிய அடையைப் பிரான்ஸ் நாட்டார் பிப்ரவரி 2 அன்று வீடுதோறும் சுடுகிறார்கள். அது குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த நாளின் நினைவு. அன்று மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்தது ஆட்டுக்குட்டி அல்ல. அதற்கு வகையற்ற ஏழைகளுக்கு நியாயப்பிரமாணம் அனுமதித்த இரண்டு பறவைகளே. ஓர் ஏழைக் குடும்பத்தின் காணிக்கை நாளில் உண்ணும் பண்டம் அது. நம் மேசைக்கு வரும்போது அந்த ஏழைக் குடும்பம் மட்டும் காணாமற்போகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2021 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தரையில் படுத்ததாகச் சிலர் சாட்சி சொன்னார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. சுமார் 17,000 பேர் பணிபுரிந்த ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் திறந்தது. பின்பு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நன்றி செலுத்துவோம். ஆனால் கட்டிலைக் கட்டடம் தரும். பந்தியில் இடத்தை யார் தருவது?

இந்தப் பிள்ளைகளில் சிலர் நம் கடைசி வரிசையில் அமர்கிறார்கள். ஊர் தொலைவில், கிடைப்பது ஒரே விடுமுறை. நாம் கஃபேக்குத் திரும்பும் அதே வேளையில் அவர்கள் ஷேர் ஆட்டோவில் விடுதி மெஸ்ஸுக்குத் திரும்புகிறார்கள். கொரிந்து சபையில் பவுல் கண்டது இதைத்தானே? வசதியுள்ளோர் முந்தி உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார் அப்போஸ்தலர்.

இன்னொன்று. அண்மையில் நானும் ஒரு குடும்பத்தோடு அத்தகைய இடத்துக்குச் சென்றேன். பரிமாறிய பெண் என் அங்கியைக் கண்டு, “ஐயா, நானும் சபைக்குப் போறவதான். இங்க சேர்ந்ததுல இருந்து ஞாயிறு லீவே கிடையாது. சர்ச் விட்டு வர்ற கூட்டம்தான் அதிகம்” என்றாள். வாயிலிருந்ததை விழுங்க எனக்கு நேரமாயிற்று. ஓய்வுநாள் உனக்கு மட்டுமல்ல, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவே தரப்பட்டது என்று உபாகமம் 5-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அவளுடைய ஆராதனையை நம் ஆராதனைக்குப் பிந்திய பசி விழுங்கிக்கொண்டிருக்கிறது.

“நம் பணத்தால்தானே அவளுக்கு வேலை?” என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அந்த வேலைக்கு வாரத்தில் வேறு ஆறு நாள்கள் உண்டு. சனி மாலை சென்று உண்ணுங்கள், பில்லோடு அவளுக்கும் மனதாரக் கொடுங்கள், பெயர் கேளுங்கள்.

சபைக்கு என் வேண்டுகோள் இதுவே. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்குப் பின், யாரும் முந்திப் புறப்பட வேண்டாம். வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவோம். சாம்பார் சாதமானாலும் போதும். கடைசி வரிசைப் பிள்ளைகள் விருந்தினராக அல்ல, வீட்டாராக நம் நடுவில் அமரட்டும். தனித்தனி மேசை வேண்டாம். ஷிப்ட் முடிந்து தாமதமாக வருவோருக்காகக் காத்திருப்போம். முதலாவது நானே பரிமாறுவேன்; இவ்வளவு காலம் இதைச் சொல்லாதிருந்த குற்றம் என்னுடையதும்தான்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் தட்டை நிரப்பினீர், அருகில் இருந்த வெறுந்தட்டைக் காணாதிருந்தோம். மன்னியும். உம்முடைய பந்தியில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.