முருங்கைக்காயனின் வழித்தோன்றல்

‘கலப்பினம்’ என்னும் சொல் இன்று விதைக் கடைகளில் மிகுதியும் வழங்குகின்றது. இச்சொல் இருவேறு பொருள்களை ஒளித்து வைத்திருத்தலைக் கமக்காரர் பலர் அறியார். அவ்வறியாமைக்குக் கொடுக்கும் விலையோ சிறிதன்று.

1958ஆம் ஆண்டில் நம் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எச்-4 நெல்லை நோக்குவோம். முருங்கைக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லுக்கும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லுக்கும் பிறந்தது அது. (முருங்கைக்காயன்! எத்துணை இனிய பெயர்! அதன் மகவுக்கோ ஓரெழுத்தும் ஓரெண்ணுமே வாய்த்தன.) நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பினது. ஆதலின் பூ மலருமுன் அதன் ஆண்பகுதியை நீக்கி, வேறொரு நெல்லின் மகரந்தத்தைத் தூவுவர். பிறந்த வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துத் தெரிந்தெடுத்து, குணம் மாறா நிலை எய்திய பின்னரே வெளியிடுவர். பிறப்பிற் கலப்பு உண்டு. குணத்தில் நிலைபேறும் உண்டு. சென்ற போகத்து நெல்லையே மறுபோகத்துக்கு விதைக்கலாம்.

சோளத்தின் கதை வேறு. உச்சியில் ஆண்பூவும் இடையிற் பொத்தியுமாகப் பிரிந்து நிற்றலால், ஒன்றன் உச்சிப்பூவை ஒடித்துவிட்டு மற்றொன்றின் மகரந்தத்தை ஏற்கச் செய்தல் எளிது. அவ்வாறு பெற்ற முதல் தலைமுறை விதை தாய் தந்தையரை விஞ்சி விளையும். அதன் மணிகளை மீண்டும் விதைப்பின் குணங்கள் சிதறும், விளைவு குன்றும். எனவே போகந்தோறும் விதை வாங்கியே ஆகவேண்டும். நம் நாட்டிற் பயிராகும் கலப்பினச் சோளத்தின் விதையிற் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டபோது எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். விதைக்கும் அவ்வாறு நிற்கும் நாள் வருதல் தகுமோ?

கலப்பினச் சோளம் வேண்டாவென்று கூறேன். விளைவு மிகுதி கண்கூடு. விதைப்பையின் மேல் ‘மறுபடி விதைத்தற்கு ஆகாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடுக என்பதே என் வேண்டுகோள்.

உடப்பு கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஊர். உவரின் இயல்பை எங்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. கேரளக் கரையின் உவர்வயல்களில் மழைக்காலத்து நெல்லும் பின்னர் இறாலுமாக மாறி மாறி விளையும். அந்நெல்லின் பெயர் பொக்காளி. அதனை ஒரு பெற்றோராகக் கொண்டு 1992இல் வெளிவந்த ஏ.ரி. 354 உவரைத் தாங்குவது. வீட்டில் விதைநெல்லாக வைத்துக்கொள்ளவும் தக்கது. அம்பலாந்தோட்டை அரசினர் ஆராய்ச்சி நிலையத்தின் படைப்பு அது. கைவிடப்பட்ட இறாற் குளங்கள் மலிந்த புத்தளக் கரைக்கு இத்தகைய நெல் இன்னும் பல வேண்டும். அவற்றை ஆக்கும் நிலையங்களின் பணத்தைக் குறைத்துவிட்டு இறக்குமதி விதைக்கு மானியம் தேடுவது எவ்வகைப் பொருளியலோ, அறியேன்.