முதலில் ஓட்டையை அடையுங்கள்!

நல்லம்பள்ளியில் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கிறீர்களா? "மாசா மாசம் பூச்சிமருந்து அடிக்கிறோம்" என்று வார்டன் பெருமையாகச் சொன்னால் உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள்!

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலியை ஒழிக்க ஆள் கூப்பிட்டு மருந்து வைத்தார்கள். அதன் நெடியைச் சுவாசித்து இரண்டு பிஞ்சுகள் உயிரிழந்தன. ஒரு வீட்டிலேயே இப்படியென்றால், வரிசையாகப் பிள்ளைகள் படுத்துத் தூங்கும் ஹாஸ்டலில்?

எலிக்கும் கரப்பானுக்கும் வேண்டியது மூன்றுதான்: தீனி, தண்ணீர், பதுங்க இடம். 6 மில்லிமீட்டர் இடுக்கு கிடைத்தால் சுண்டெலி நுழைந்துவிடும். கதவுக்குக் கீழே தகடு அடித்து, பைப் போகும் ஓட்டையைக் கம்பி வலையும் சிமெண்ட்டும் வைத்து அடைக்க வேண்டும். ராத்திரியே குப்பையை அகற்றி, ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். பசை அட்டை வைத்தால் கரப்பான் எங்கே அதிகம் என்பது தெரிந்துவிடும். அங்கே மட்டும், பிள்ளைகள் கைபடாத இடுக்கில், ஜெல் மருந்து ஒரு பொட்டு வைத்தால் போதும். அறை முழுக்க ஏன் அடிக்கணும்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள். "எந்த ஓட்டையை அடைச்சீங்க? என்ன மருந்தை எங்கே வெச்சீங்க?" என்று கேளுங்கள். கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான்!