எந்தக் கலை நம் பிள்ளையைக் காக்கும்?

"அக்கா, கராத்தே கத்துக்கட்டுமா, சிலம்பமா, பாக்ஸிங்கா? எது நெஜமா உதவும்?"

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பாடம் சொல்லித் தருவோம், உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவோம். அன்று இந்தக் கேள்வியைக் கேட்டவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. விழுப்புரம் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்து, மயிலாப்பூர் அருகே தங்கிப் படிக்கிறாள். மாலையில் தியாகராய நகர் துணிக்கடை ஒன்றில் பகுதி நேர வேலை. இரவு பஸ்ஸில் வந்து மந்தைவெளியில் இறங்கி, பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டிய இருட்டுச் சாலையில் நடக்க வேண்டும். முதல் நாள் இரவு ஒருவன் பின்னாலேயே வந்து பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எதிரே வந்த ஆட்டோவின் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டான்.

"கத்தக்கூட முடியலக்கா. தொண்டை அடைச்சிடுச்சு" என்றாள்.

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமல்ல. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். அனுப்பிவிட்டு இங்கே தூக்கம் வராமல் கிடக்கும் தாய் தகப்பனுக்கும் இது கேள்விதான். ஆகவே நாங்கள் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் வைத்து நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறோம்.

கம்பு முதல் கையுறை வரை

சிலம்பம் நமக்குப் புதிதல்ல. திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் பறை அடிக்கு ஏற்பக் கம்பு சுழற்றிய தாத்தாக்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். நெற்றி உயரக் கம்பு கையில் இருந்தால், தேர்ந்த ஒருவர் நாலைந்து பேரைத் தள்ளியே நிறுத்திவிடலாம். காலடி பழகும், மணிக்கட்டு உறுதிப்படும், கண் கூர்மையாகும். ஆனால் அந்தக் கம்போடு மாநகரப் பேருந்தில் ஏற முடியாது. வெறுங்கைக்கு உரிய குத்துவரிசையையும் சேர்த்துக் கற்றால்தான் சிலம்பம் தெருவில் துணைக்கு வரும்.

கராத்தே வகுப்புகள் இன்று தெருவுக்குத் தெரு உண்டு. கட்டா எனப்படும் அசைவுத் தொடர், பெல்ட் தேர்வு, மேடைச் சான்றிதழ் என்பதோடு பல வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. காற்றில் ஆயிரம் குத்து விட்ட பிள்ளை, ஒருவன் சட்டையைப் பிடித்ததும் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்லித் தருகிறார்களே, அந்த ஒன்று பொன்னானது.

டேக்வாண்டோவில் உடம்பில் உதைத்தால் 2 புள்ளி, தலையில் உதைத்தால் 3 புள்ளி. அதனால் கால் மேலே மேலே போகிறது. சுடிதாரும் தேய்ந்த செருப்புமாக, மழை ஈரமான படிக்கட்டில் தலை உயரத்துக்குக் காலைத் தூக்கினால் விழப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

குத்துச்சண்டை உழைக்கும் மக்களின் கலை. வடசென்னையில் அது வளர்ந்த கதையை ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் பார்த்திருப்பீர்கள். அடி வாங்கினாலும் கண்ணை மூடாமல் நிற்கவும், நகர்ந்துகொண்டே இருக்கவும் அது பழக்கும். ஒரு எச்சரிக்கை: கையுறை இல்லாத முஷ்டி எதிராளியின் மண்டையில் பட்டால், பல நேரம் உடைவது அடித்தவரின் கை எலும்புதான். தெருவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி அடிப்பதே பாதுகாப்பு.

பெண்கள் மீதான தாக்குதல் பெரும்பாலும் பிடியில்தான் தொடங்குகிறது. மணிக்கட்டைப் பிடிப்பான், துப்பட்டாவை இழுப்பான், தலைமுடியைப் பற்றுவான், வாயைப் பொத்துவான். அந்தப் பிடியை அறுக்கப் பழக்குபவை ஜூடோவும் மல்யுத்தமும். அடிபடாமல் விழுவது எப்படி என்பதையும் அவை சொல்லித் தருகின்றன. ஆனால் எதிரே இரண்டு பேர் இருந்தால் ஒருவனோடு தரையில் உருளக் கூடாது, இன்னொருவன் நின்றுகொண்டிருப்பான்.

இங்கே எல்லோரும் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கபடி. இதை யாரும் தற்காப்புக் கலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் அதில் என்ன நடக்கிறது? ஒருத்தி ஏழு பேர் நடுவில் போகிறாள். காலைப் பிடிக்கிறார்கள், இடுப்பைப் பிடிக்கிறார்கள். அவள் திமிறி, உதறி, கோட்டை நோக்கிப் பாய்ந்து தப்பி வருகிறாள். நிஜத் தாக்குதலில் நம் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் இதுதான்: பிடியை உதறித் தப்பிப்பது. காசு வேண்டாம், சீருடை வேண்டாம், மண் தரை போதும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பிள்ளை. சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே எந்தக் கலை என்பதைவிட எப்படிப்பட்ட வகுப்பு என்பதே முக்கியம். எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காமல், உண்மையாகவே எதிர்க்கும் பயிற்சி அங்கே உண்டா? கத்தச் சொல்லித் தருகிறார்களா? ஓடச் சொல்லித் தருகிறார்களா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். கத்தியை வெறுங்கையால் பிடுங்கலாம் என்று சொல்லித் தருபவரிடம் சேராதீர்கள். கத்திக்கு முன்னால் ஓட்டம்தான் கலை.

கலை எட்டாத இடங்கள்

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில், அரிவாளோடு வந்த கும்பல் சங்கரை வெட்டிக் கொன்றது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில், தியாகராய நகர்க் கல்லூரியில் படித்த மாணவியை, அவளைத் தொடர்ந்து வந்தவன் ஓடும் ரயிலின் முன் தள்ளினான். இப்படிப்பட்ட நொடிகளுக்கு எந்தக் கருப்பு பெல்ட்டிலும் பதில் கிடையாது. உயிர் போனவர்களைப் பார்த்து ‘தற்காப்பு கற்றிருக்கலாமே’ என்று சொல்வது, குற்றத்தைச் செய்தவனிடமிருந்து இறக்கிச் செத்தவர் தோளில் ஏற்றுவதாகும்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். இருட்டுச் சாலையில் வருகிறவனைவிட உறவுக்காரரும், பக்கத்து வீட்டுக்காரரும், வேலை தருபவரும், காதலிப்பதாகச் சொன்னவனுமே அதிகம். தெரிந்த முகத்தைப் பார்த்து ‘வேண்டாம், தள்ளிப் போ’ என்று சத்தமாகச் சொல்ல எந்தக் கராத்தே பள்ளி கற்றுத் தருகிறது?

கனடாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே இனம் காண்பது, தெரிந்தவரை எதிர்க்கத் தடையாக உள்ள கூச்சத்தை உடைப்பது, பிறகு கத்துவதும் அடிப்பதும். 2015இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாத பிரிவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம். பன்னிரண்டே மணி நேரத்தில் ஆபத்து ஏறக்குறைய பாதியானது. அங்கே யாரும் பெல்ட் வாங்கவில்லை.

நமக்கு விழும் இரண்டாவது அடி

இதுவரை சொன்னது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கு.

அடையாற்றில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பாத்திரம் துலக்கிய நம் சகோதரி ஒருவரை எங்களுக்குத் தெரியும். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருபவர். அந்த வீட்டுக்கு வந்திருந்த உறவினர் சமையலறையில் கையைப் பிடித்தார். சகோதரி பிடித்துத் தள்ளினார். தள்ளியதில் அந்த ஆள் விழுந்தார். தற்காப்பு வெற்றி! மறுநாள் வீட்டில் மோதிரம் காணவில்லை என்று போலீசில் புகார். மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலைந்தார். அந்த வேலையும் போனது, அதே கட்டடத்தில் செய்த இன்னும் இரண்டு வீட்டு வேலையும் போனது.

"அடிக்கத் தெரியும் தங்கச்சி. அடிச்ச பிறகு என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார் எங்களிடம்.

கிராமத்தில் இது இன்னும் கொடியது. நம் பையன் ஒருவன் திருப்பிக் கை ஓங்கினால், பதில் அவனுக்கு மட்டும் வருவதில்லை. மொத்தக் காலனிக்கும் வருகிறது. ஆகவே அடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள சட்டம் தெரியாத தற்காப்பு, நமக்குப் பாதித் தற்காப்புதான்.

சட்டம் சொல்வது இது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34ஆவது பிரிவின்படி தற்காப்புக்காகச் செய்த செயல் குற்றமல்ல. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலைக் காக்கவும் 35ஆவது பிரிவு உரிமை தருகிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்பது 37ஆவது பிரிவு. அவன் ஓடிய பிறகு துரத்தி அடித்தால் அது தற்காப்பு ஆகாது. உயிர்ப்பயம், வன்புணர்வு, கடத்தல், அமில வீச்சு போன்ற நிலைகளில் தாக்குபவர் இறந்துபோகும் அளவுக்குக்கூட இந்த உரிமை நீளும் என்பது 38ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் இது 100ஆவது பிரிவு. 2012இல் மதுரையில் மகளைக் காக்கக் கணவனைத் தாக்கிக் கொன்ற தாயையும், 2021இல் சோழவரம் அருகே தன்னைக் கத்திமுனையில் வன்புணர முயன்றவனைக் கொன்ற 19 வயதுப் பெண்ணையும், இந்தப் பிரிவைக் காட்டிக் காவல்துறையே விடுவித்தது.

நமக்கென்று உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே, வேற்றுச் சாதியார் ஒருவர் பாலியல் நோக்கோடு நம் பெண்ணைத் தொட்டாலும், பேச்சாலோ சைகையாலோ சீண்டினாலும் 3(1)(w) பிரிவில் குற்றம். வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ. அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில், ஆபத்தான பகுதிகளில் தேவை எனக் கருதினால் நம் மக்களுக்கு ஆயுத உரிமம் தரலாம் என்றுகூட எழுதியிருக்கிறது. நாங்கள் துப்பாக்கி கேட்கவில்லை. நம் உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டு எழுதிய வரி அது என்பதைச் சுட்டுகிறோம்.

புகாரும் ஓர் அடிதான். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியை வீடியோவைக் காட்டி மிரட்டினான் அந்தக் குற்றவாளி. அந்த மிரட்டலுக்கு எந்தக் குத்துவரிசையும் பதில் சொல்லியிருக்காது. அவள் தாமதிக்காமல் புகார் கொடுத்தாள். அவளுடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்த கொடுமையும் நடந்தது. அதையும் தாங்கி நின்றாள். 2025 ஜூன் 2 அன்று அவனுக்கு ஆயுள் தண்டனை. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆறு மாதத்துக்குள் அவனை வீழ்த்தியது அவளுடைய கையெழுத்து.

நாம் கேட்பது

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. அது மூன்று மாதம். மூன்று மாதத்தில் வணக்கம் வைக்கவும் வரிசையில் நிற்கவும்தான் பழகும். ஆண்டு முழுவதும் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஒவ்வொன்றிலும் வாரம் இரண்டு நாள், பெண் பயிற்சியாளரோடு வேண்டும். கபடிக்கு விடுதி வாசலில் கோடு போட்டுத் தந்தால் போதும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மாதக் கட்டணம், சீருடைப் பணம், தேர்வுப் பணம் என்று வாங்கும் வகுப்புகளின் வாசலை நம் பிள்ளைகள் மிதிக்க முடியாது. மாநகராட்சி விளையாட்டுத் திடல்களில் இலவச வகுப்பு நடத்துங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் சட்டப் பாடம் இருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது தெரிந்தாலே பாதிப் பயம் போகும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, வன்கொடுமை குறித்து 14566. இந்த எண்களைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், தம்பி தங்கைகளே. அந்த இருட்டுச் சாலைக்கு விளக்குப் போடுவது மட்டும் பிள்ளையின் வேலையல்ல, மாநகராட்சியின் வேலை.

அந்த மாணவிக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் சின்னது. காசில்லாமல் கிடைப்பது கபடி, இன்றே சேர். ஜூடோ கிடைத்தால் விடாதே. சிலம்பம் பிடித்தால் ஆடு, அது உன் தாத்தாவின் சொத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கத்தக் கற்றுக்கொள்.

அங்கேயே கடலைப் பார்த்து நிற்க வைத்துக் கத்தச் சொன்னோம். முதல் முறை சிரித்துவிட்டாள். இரண்டாவது முறை காற்றுதான் வந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்திக் காட்டினோம். மூன்றாவது முறை அவள் கத்தியதில், தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன்கள் எழுந்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி இருவர் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.