எழுத்திடரும் இணையப் பட்டமும்

வகுப்பறையை விட்டு அகலாமலேயே சிறப்புக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெறும் வாய்ப்பை ஆசிரியர்க்கு இணையம் தந்துள்ளது. நன்று, வேண்டாவென்பார் இலர். ஆயின் அப் பட்டத்தின்வழி வந்துசேரும் அறிவு எம்மொழிப் பிள்ளைக்கு உரியது?

அறிவியல் பொது, எம்மொழியிற் கற்பினும் ஒன்றே என்பார் உளர். கால் முடமானார்க்கு ஊன்றுகோல் பொதுவாகலாம். எழுத்திடர்ப்படும் பிள்ளைக்கு அங்ஙனம் ஆகுமா? 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்பார் வகுத்த முறை ஆங்கிலப் பிள்ளைக்காக எழுந்தது. 26 எழுத்தைக்கொண்டு 40-க்கு மேற்பட்ட ஒலிகளைக் காட்ட முயன்று தடுமாறும் மொழி அது. தமிழ்ப் பிள்ளையின் இடரோ வேறு. 'கெ' என்பதில் முன்னே எழுதும் கொம்பு பின்னே ஒலிக்கின்றது. 'கொ' என்பதிலோ ஒரே உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ரகர றகரமும் லகர ளகர ழகரமும் செவிக்கு மயக்கந் தருவன. இவற்றை எந்த ஆங்கில ஏடு சொல்லித் தரும்?

பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் தமிழ்ப் புடையெழுத்தில் அக் கொம்பிடர் இல்லை. அங்குக் ககரத்தின் பின்னரே ஒகரம் நிற்கும். விரலாற் படிப்பார்க்குள்ள அவ் வொழுங்கு கண்ணாற் படிக்கும் பிள்ளைக்கு எவ்வாறு உதவும் என்று ஆராய்வதற்கே ஒரு முதுகலை ஆய்வு தகும்! அதனைச் செய்ய வெளிநாட்டான் வருவானா?

தொலைநிலைக் கல்விக்கென்றே 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதனிடம் தமிழாசிரியர் கேட்க வேண்டுவது, ஆங்கில ஏட்டின் மொழிபெயர்ப்பை அன்று. தமிழெழுத்தின் இடரறிந்து தமிழிலேயே எழுதப்பெற்ற பயிற்றுநூலை.