இரத்தமா, கல்வியா?

“பாம்பு பிடிப்பது இருளர்களுக்கு இரத்தத்திலேயே ஊறிய கலை” என்று நாம் வியந்து பேசுகிறோம். பாராட்டுப்போல் ஒலிக்கும் இச்சொல்லில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. மருத்துவரின் திறமையைக் கல்வி என்கிறோம். இருளரின் திறமையை இரத்தம் என்கிறோம். கல்விக்கு மதிப்பும் ஊதியமும் உண்டு. இரத்தத்திற்கு யார் ஊதியம் தருவர்?

அவர்கள் அறிந்தது என்ன? வளையின் வாயில் மண் புதிதாய்த் தேய்ந்துள்ளதா, உரித்த சட்டை எத்தனை நாள் பழையது, எச்சம் எப்பாம்பினுடையது, புழுதியில் பதிந்த தடம் எத்திசை நோக்கியது என்பவற்றைக் கண்டு, ஒப்பிட்டு, முடிவுக்கு வருகின்றனர். பெற்றோருடன் வரப்புகளிலும் புதர்களிலும் நடந்து பல ஆண்டுகள் பயின்ற அறிவு இது. உற்றுநோக்கலும் ஒப்பீடும் சோதனையும் அறிவியல் அல்லவெனில், வேறெது அறிவியல்?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் ஒடுங்கியது. அத்தடை தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. தோலுக்காகப் பாம்புகளைக் கொன்று குவிப்பது நின்றாக வேண்டியதே. ஆனால் இலாபத்தில் பெரும்பங்கை உண்டவர்கள் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ள, வயிற்றுப் பாட்டிற்காகப் பாம்பு பிடித்தவர்களே குற்றவாளிகளாயினர். அவர்களுக்கு மாற்றுவழி என்ன என்று சட்டம் கேட்கவில்லை.

அவ்வழி 1978-இல் பிறந்தது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் செயல்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பிற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி இவர்கள் கைவழியே வந்துள்ளது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்ட நாடு இது. பிழைத்தெழுந்த உழவர் எத்தனை பேர் அக்கைகளை நினைத்திருப்பர்?

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் எனும் இரு இருளர்களை வரவழைத்தது. இரண்டு வாரத்திற்குள் அவர்களுடைய குழு 13 பாம்புகளைப் பிடித்தது. அறியாத நிலம், அறியாத பாம்பு! இரத்தம் மட்டுமே அவர்களுக்கு வழிகாட்டியிருந்தால், அங்கே தடுமாறியிருப்பர். தடம் பார்த்துத் தர்க்கம் செய்யும் கல்வி அன்றோ கடல் கடந்தும் பலித்தது! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்கிறோம்.

எனினும், இருவர் மார்பில் பதக்கம் மின்னுவதால் ஓர் இனத்தின் கணக்கு தீர்ந்துவிடாது. அதே இருளர்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாயில்களில் காத்துக் கிடக்கிறார்கள். குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாதோர் பலர். ஏரிக்கரையும் புதர்க்காடும் மனைப்பிரிவுகளாக மாறும்போது, அவர்களுடைய பள்ளிக்கூடமே இடிக்கப்படுகிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் பற்றிய மரபறிவின்மேல் பழங்குடிச் சமூகங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை வீட்டு வாசலுக்கு வர வேண்டுமெனில், முதலில் நம் சொல் மாறவேண்டும். அவர்களை ‘இயற்கையின் குழந்தைகள்’ எனக் கொஞ்ச வேண்டாம். குழந்தைகளிடம் எவரும் ஆலோசனை கேட்பதில்லை. அறிஞர்கள் என அழைப்போம்; அறிஞர்க்குரிய ஊதியத்தையும் நிலத்தையும் இருக்கையையும் கொடுப்போம். இது இரக்கம் அன்று; நாம் பட்ட கடன்.