கைவேலைக்குப் படிப்புக் கணக்கில் இடம் எங்கே?

வேலை செய்து கற்றவருக்கும் வகுப்பில் அமர்ந்து கற்றவருக்கும் ஒரே தராசு என்று மத்திய அரசு ஏட்டளவில் ஒப்புக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. 2013 டிசம்பரில் தேசியத் தொழில்திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2020-இல் புதிய கல்விக் கொள்கை வந்தது. 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வெளியாயிற்று. பள்ளிப் படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் மூன்றையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கலாம் என்பதே இதன் சாரம். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் தொழிலாளியின் பெயரில் அந்தப் புத்தகத்தில் என்ன வரவாகியிருக்கிறது?

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஆதிதிராவிட மக்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை எப்போது வெடித்துச் சிதறும் என்று காதால் கேட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். முட்டுக்கட்டை நிறுத்தவும் மருந்து வைத்து வெடிக்கவும் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மறுநாளே அத்தனை தேர்ச்சியும் செல்லாக் காசாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வந்து, காவலாளியாகவும் கட்டடக் கூலியாகவும் நின்றவர்கள் எத்தனை பேர்! "என்ன படித்திருக்கிறாய்?" என்று கேட்டவர் உண்டு. "என்ன தெரியும்?" என்று கேட்டவர் இல்லை.

அனுபவத்தை அளக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. அதே சுரங்கத்துறையில் வெடி வைப்பவருக்கும், மேட்டுக்கும், வைண்டிங் எஞ்சின் ஓட்டுபவருக்கும் சான்று வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, நேரில் கேள்வி கேட்டு அந்தச் சான்று தரப்பட்டது. முதலாளிக்கும் சட்டத்துக்கும் தேவை என்றால் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. தொழிலாளி மேலே ஏற ஏணி கேட்டால் மட்டும் அது தொலைந்துபோகிறது.

இப்போது நடப்பது என்ன? முன்பே கற்றதை அங்கீகரித்தல் என்ற பெயரில் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டம் முகாம்கள் நடத்துகிறது. 2016-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் பயன்பெற்றவர்கள் என்று காட்டப்பட்டோரில் பெரும்பகுதியினர் இந்த வழியாக வந்தவர்களே. சில மணிநேர வகுப்பு, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ், வங்கிக் கணக்கில் 500 ரூபாய் என்பதாக அது அப்போது இருந்தது. 500 ரூபாயை நாம் ஏளனம் செய்யவில்லை. முகாமுக்கு வந்த நாளில் போன கூலிக்கு அது ஆயிற்று. நம் கேள்வி அந்தச் சான்றிதழைப் பற்றியது. அதைக் காட்டினால் கண்டிராக்டர் 'தேர்ச்சி பெற்ற' தொழிலாளிக்குரிய கூலியைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலிடெக்னிக் வாசலில் காட்டினால் பத்தாம் வகுப்புச் சான்று எங்கே என்பார்கள். பெட்டியில் பூட்டி வைக்க இன்னொரு காகிதம் எதற்கு?

கிரெடிட் கணக்கைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120. ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 8 மணி என்று 20 ஆண்டு கரணை பிடித்த கொத்தனார் 40,000 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார். மணிக்கணக்கு மட்டும் போதும் என்றால் 1,333 கிரெடிட் வரும். அவருக்குப் பதினோரு பட்டம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை; செய்ததையே திரும்பச் செய்த நாட்களும் அதில் உண்டு. ஆனால் அரசு வகுத்த வழியைப் பாருங்கள். முதலில் ஒரு படிப்பையோ பயிற்சியையோ முடித்துக் கிரெடிட் பெற வேண்டும். பிறகு பெறும் அனுபவத்தை வைத்து அதைப் பெருக்கலாம். அதிகம் போனால் இரண்டு மடங்கு. எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு வந்தவர் எதைப் பெருக்குவார்? பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யமே. முன்கற்றலைச் சோதித்துக் கிரெடிட் தரவும் கட்டமைப்பில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் திறக்க வேண்டியது கல்லூரிகளும் வாரியங்களும். அவை தாமாக முன்வரும் என்று காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் நரைத்துவிடும்.

"இரண்டாண்டு ஐ.டி.ஐ.யில் படித்த பிள்ளையின் வயிற்றில் அடிப்பதா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அவசரத் தேர்வு வேண்டாம் என்கிறோம். சுவரைக் கட்டச் சொல்லிப் பாருங்கள். ரசமட்டம் வைத்து அளந்து பாருங்கள். வரைபடம் படிக்கத் தெரியாவிட்டால் அந்தப் பாடத்தை மட்டும் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். தெரிந்ததை மறுபடி படி என்று இரண்டாண்டுக் கூலியைப் பறிக்காதீர்கள். அனுபவமுள்ளோர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில்தேர்வு எழுத வழி இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அங்கும் பள்ளித் தகுதி முன்னால் வந்து நிற்கிறது.

தேர்வு எந்த மொழியில் என்பது நமக்கு உயிரான விஷயம். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் கையில் இருக்கிற மனிதரிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர் கேட்டுவிட்டு, தெரியவில்லை என்று எழுதினால் தோற்றது யார்? பெங்களூரில் கன்னடமும் மும்பையில் மராத்தியும் நாம் மதித்துக் கற்க வேண்டிய மொழிகள். அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தொழில்தேர்வு தொழிலைச் சோதிக்கட்டும். பெண்களின் நிலை இதனினும் கேடு. கலவையின் பதம் பார்த்தே இருபது ஆண்டு கழித்த பெண்ணும் கடைசிவரை சித்தாள்தான். கூலிப் பட்டியலில் அவர் தேர்ச்சியற்றவர். அவரைச் சோதித்துப் பார்க்கவும் ஆள் இல்லை.

பிறநாட்டில் இது புதுமையல்ல. பொறியியல் கல்லூரிக்குப் போகாமல் தொழிலில் தேர்ந்தவருக்கும் பொறியாளர் பட்டம் தர பிரான்சில் 1934-இலேயே சட்டம் வந்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குழுவின் முன் அனுபவத்தை நிரூபித்து முழுப் பட்டமே பெறலாம் என்றது. தென்னாப்பிரிக்கக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சுரங்க வேலைச் சான்றுகள் கறுப்பருக்குக் கிடைக்காதபடி அங்கே நிறவெறிச் சட்டம் தடுத்தது. வேலை தெரிந்தவர் கறுப்பர், சான்று வைத்திருந்தவர் வெள்ளையர். தேர்ச்சிக்கு அங்கீகாரம் கொடு என்று போராடியவை தொழிற்சங்கங்கள். 1995-இல் தேசியத் தகுதிச் சட்டம் வந்ததில் அவற்றின் பங்கு பெரிது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளி முறையில் பெற்ற எம்.ஏ. பட்டம் அரசுப் பதவிக்குச் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கை தந்ததை மறு கை பறிக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆகவே கிரெடிட் மட்டும் போதாது. வேலைக்கு ஆள் எடுக்கும் விதிகளும் சேர்ந்து மாற வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மொழித்தாள் எழுதிப் பத்தாம் வகுப்புக்கு நிகராகலாம் என்ற ஏற்பாடு இருக்கிறதல்லவா? முன்கற்றல் தேர்வில் தேறியவருக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். சான்றின் நிலைக்கு ஏற்பக் கூலியைக் கட்டாயமாக்குங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நம் சங்கம் வைக்கப்போகும் கோரிக்கை இதுதான்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தத் தேர்வுக்குப் போனாலும் முதலில் கேட்பது அனுபவத்துக்கு அத்தாட்சி. நம்மில் பலரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கட்டட வேலையில் உள்ள தோழர்கள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்; அந்த அட்டை பின்னால் பேசும். சேமநிதிச் சீட்டு, கேட் பாஸ், மேஸ்திரி எழுதித் தந்த கூலிக் கணக்கு எதையும் கிழித்தெறியாதீர்கள். சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் பிற்பகலில் வேலை விவரம் எழுதித்தர ஆள் இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.