உச்சவரம்பு காக்கும் என்ற நம்பிக்கை

பிரித்தானியாவில் வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் செய்துகொண்ட ஒப்பந்தம் முடியும்போது எதுவும் செய்யாமல் இருந்துவிடலாம், விலை உச்சவரம்பு நடைமுறையில் இருப்பதால் எந்த நிறுவனமும் அளவுக்கு மீறி வாங்கிவிட முடியாது என்னும் நம்பிக்கை அந்நாட்டுக் குடும்பங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. ஒரு காலத்தில் அது சரியான அறிவுரையாக இருந்து, அந்தக் காலம் போன பின்னும் பழக்கமாக நிலைத்துவிட்டது என்பதால்தான் அதைக் களைவது கடினமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அறிவிக்கப்படும் மின் கட்டணத்தைச் செலுத்துவதைத் தவிர வீட்டுக்காரருக்கு வேறு வழி இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளிலோ 1990களின் பிற்பாதியிலேயே சந்தை திறந்துவிடப்பட்டு, கம்பிகளும் குழாய்களும் சில நிறுவனங்களின் பொறுப்பிலும், மின்சாரத்தை விற்றுப் பில் அனுப்பும் வேலை வேறு நிறுவனங்களின் கையிலும் இருக்கின்றன. விற்கும் நிறுவனத்தோடு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ யூனிட் விலையையும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் விழும் நிலைக் கட்டணத்தையும் மாறாமல் உறுதிசெய்துகொள்வது நிலைவிலை ஒப்பந்தம் எனப்படும். அது முடிந்த பின் புதிதாக எதையும் தேர்ந்தெடுக்காதவர் அந்த நிறுவனத்தின் பொதுக் கட்டணத்துக்குத் தானாகவே மாற்றப்படுகிறார். உச்சவரம்பு இந்தப் பொதுக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது.

அது ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை நினைவில் வைப்பது அவசியம். எரிசக்திச் சந்தையை விசாரித்த அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம், ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விலை கூடிய பொதுக் கட்டணத்திலேயே தங்கியிருப்பதாகவும், போட்டி முறையாக நடந்திருந்தால் செலுத்தியிருக்கக்கூடிய தொகையைவிட ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு அதிகமாக மக்கள் செலுத்திவந்ததாகவும் 2016இல் அறிவித்தது. அதன் பின்னரே 2018இல் கட்டண உச்சவரம்புச் சட்டம் நிறைவேறி, 2019 ஜனவரி 1 முதல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வரம்பை அறிவிக்கத் தொடங்கியது. வரம்பை நிர்ணயிக்கும்போது, வாடிக்கையாளர் வேறு ஒப்பந்தங்களுக்கு மாறும் ஊக்கம் குன்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவையையும் ஆஃப்ஜெம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. ஒப்பந்தம் தேடாதவரைக் கொள்ளை விலையிலிருந்து காப்பதே அதன் நோக்கம். கிடைக்கக்கூடிய மிக மலிந்த விலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை.

வரம்பு எதற்கு விதிக்கப்படுகிறது என்பதிலும் பரவலான குழப்பம் நிலவுகிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வரம்பு 1,755 பவுண்டு என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டபோது, எவ்வளவு பயன்படுத்தினாலும் ஆண்டுப் பில் அந்தத் தொகையைத் தாண்டாது என்று பலர் புரிந்துகொண்டார்கள். அக்காலத்தில் டைரக்ட் டெபிட்டில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் முறையில், செலுத்துவோருக்கான நாட்டுச் சராசரி வரம்பு, மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், அதன் நிலைக் கட்டணம் நாளுக்கு 53.68 பென்ஸ், எரிவாயு யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், அதன் நிலைக் கட்டணம் 34.03 பென்ஸ் என்பதாகும். ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவிடும் ஒரு மாதிரி வீட்டை வைத்துப் பெருக்கினால் கிடைக்கும் தொகைதான் 1,755. இதில் ஏறத்தாழ 320 பவுண்டு நிலைக் கட்டணம். ஒரு விளக்கைக்கூட ஏற்றாமல் வீட்டைப் பூட்டி வைத்தாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். அந்த மாதிரி வீட்டைப் போல் இரு மடங்கு செலவிடும் பெரிய குடும்பம் அதே வரம்புக்கு உட்பட்டே ஏறத்தாழ 3,190 பவுண்டு செலுத்தும்.

சும்மா இருப்பதே நல்லது என்ற எண்ணம் பிறந்தது 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில். அப்போது மொத்தச் சந்தையில் எரிவாயு விலை பல மடங்கு உயர்ந்துவிட்டிருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையே மாற்றப்பட்ட உச்சவரம்பு 1,277 பவுண்டிலேயே நின்றது. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்க நேர்ந்த நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனமும் அந்த நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ்ப் போனது. வரம்பைவிட மலிந்த ஒப்பந்தம் எங்கும் கிடைக்காத அந்த நாட்களில், ஒப்பந்தம் முடிந்தவர் பொதுக் கட்டணத்திலேயே தங்குவதுதான் அறிவுடைமை. அன்றைய ஆலோசகர்கள் அப்படிச் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு சந்தைக்கும் வரம்புக்கும் இடையே இருந்த காலத் தாமதத்திலிருந்து பிறந்தது. 2022 ஏப்ரலில் 1,971 ஆன வரம்பு அக்டோபரில் 3,549க்குத் தாவியபோது, அரசு தன் பணத்தைக் கொட்டி மாதிரி வீட்டின் பில்லை 2,500க்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த அக்டோபர் முதல் வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படுவதால் பழைய தாமதம் பெரிதும் சுருங்கிவிட்டது. அடிப்படை போன பின்னும் அறிவுரை மட்டும் வாய்மொழியாக உலவுகிறது.

பொதுக் கட்டணத்தில் இருப்பவர் தாம் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று எண்ணுகிறார். உண்மையில், ஆண்டுக்கு நான்கு முறை மாறும் விலையை, அது எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வதாக அவர் முடிவெடுத்திருக்கிறார். 2024 ஜூலையில் 1,568ஆக இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் 1,849ஐத் தொட்டது. முந்தைய கோடையில் வரம்பை ஒட்டிய விலையில் ஒப்பந்தம் செய்தவரை அந்த உயர்வு தீண்டவில்லை. அடுத்த ஜூலையிலேயே வரம்பு 1,720க்கு இறங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்நேரமும் ஒப்பந்தமே மேலானது என்பாரும் கணக்குப் பார்க்காதவர்களே.

பார்க்க வேண்டிய கணக்கு கடினமானதன்று. ஒப்பந்தம் முடிவதற்கு 42 முதல் 49 நாட்களுக்கு முன் நிறுவனம் அனுப்பியாக வேண்டிய அறிவிப்பையும் ஆண்டுக் கணக்கு அறிக்கையையும் எடுத்து, அந்த வீடு ஓராண்டில் செலவிட்ட யூனிட்டுகளை இரு திட்டங்களின் விலையாலும் பெருக்கி, நிலைக் கட்டணத்தின் 365 நாள் தொகையைக் கூட்டினால் போதும். மாதாந்தர டைரக்ட் டெபிட் தொகையை ஒப்பிடுவது பயனற்றது. அது நிறுவனத்தின் மதிப்பீடே தவிர விலை அன்று. யூனிட் விலை குறைந்திருப்பதை மட்டும் பார்த்து மயங்குவதும் ஆபத்து. எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன வரம்போடு ஒப்பிட, மின் யூனிட்டுக்கு 24 பென்ஸும் நாளுக்கு 60 பென்ஸ் நிலைக் கட்டணமும் கொண்ட ஒரு திட்டம், 2,700 யூனிட் செலவிடும் வீட்டுக்கு ஆண்டில் 40 பவுண்டு மிச்சப்படுத்தும். 900 யூனிட்டோடு வாழும் தனியாள் வீட்டுக்கோ ஏறத்தாழ 2 பவுண்டு நட்டம். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வெளியேறும் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிறுவனம் மாறினால் மின்சாரம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. அதே கம்பி, அதே குழாய், அதே மீட்டர்தான் தொடரும்; மாற்றம் பொதுவாக ஐந்து வேலை நாட்களில் முடிந்துவிடும்; மனம் மாறினால் விலகிக்கொள்ள 14 நாள் அவகாசமும் உண்டு. மூடப்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குக்கூட ஒரு நாளும் இணைப்பு துண்டிக்கப்படவில்லை.

முதியவர்களையும் நோயாளிகளையும் ஆங்கிலம் படிக்க இயலாதவர்களையும் பெருக்கல் கணக்குப் போடச் சொல்வது நியாயமா என்ற மறுப்பு மதிக்கத்தக்கது. நியாயமில்லைதான், உச்சவரம்பு அவர்களுக்காகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் கணக்குப் போட வல்லவர்கள் அவர்களுக்கான பாதுகாப்பைத் தங்கள் அலட்சியத்துக்குச் சாக்காக்குவது, தேடாதவரை நம்பியே பிழைத்த பழைய சந்தையை மீண்டும் வளர்க்கிறது. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பெற்றோரின் மின்னஞ்சலைப் பிள்ளைகளே பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகள் நிறுவனத்தின் அறிவிப்பை விளம்பரம் என்று ஒதுக்கிவிடாமல் திறந்து படிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசி 49 நாட்களில் வேறு நிறுவனத்துக்கு மாறுவோரிடம் வெளியேறும் கட்டணம் வாங்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.